மருந்தாளர் பதில்கள்: வைட்டமின் டி இருந்தால் சளிக்காய்ச்சல் அண்டாதா?

ஜூன் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் இருமல்தான் அதிகம். சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுக்க இருந்தாலும் மே முதல் ஜூலை வரை ஒரு முறையும், ஆண்டுக் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வரை இன்னொரு முறையும் தலைதூக்கும். இந்த முறை இருமலோடு வைட்டமின் டியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

செங்காங் வாசகி: என் அம்மாவுக்கு 72 வயது. பாலர் பள்ளிக்குப் போகும் பேரன் கொண்டுவரும் சளியெல்லாம் அம்மாவுக்கும் தொற்றிக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. "இது குறைந்தால் வைரஸ் சுலபமாகப் பிடிக்கும், மாத்திரை போட்டால் சளியே வராது" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?

அக்கா சொன்னதில் முதல் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு இல்லை.

முதலில் அந்த 14ஐப் பார்ப்போம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு அச்சாகியிருக்கிறது? மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றால் 20க்குக் கீழே குறைபாடு. சில ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு நானோமோல் என்று தரும். அதில் எண்கள் இரண்டரை மடங்காக வரும், குறைபாட்டின் கோடும் 50 ஆகிவிடும். அம்மாவுடையது 14 நானோகிராம் என்றால் குறைபாடு. 14 நானோமோல் என்றால் மிகக் கடுமையான குறைபாடு, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: காய்ச்சலாக இருந்தபோதா ரத்தம் எடுத்தார்கள்? உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த அளவு தானாகவே இறங்கிவிடும். அப்படியென்றால் குணமான பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி வைரஸ் விஷயத்துக்கு வருகிறேன். தோலில் உருவாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், அதற்குப் பிறகுதான் எலும்புக்குப் பயன்படும் ஹார்மோன் ஆகிறது. ஆனால் அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்யும் நொதி சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களான மேக்ரோபேஜ்களிடமும் இருக்கிறது. கிருமியை உணர்ந்ததும் இந்த அணுக்கள் ரத்தத்தில் ஓடும் வைட்டமின் டியை எடுத்துத் தமக்குள்ளேயே ஹார்மோனாக்கிக்கொண்டு, கேத்தலிசிடின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கிருமியின் மேலுறையைக் கிழிக்கும். சளிக்காய்ச்சல் வைரஸின் உறையையும் அது சிதைப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

இதைத் தெளிவாகக் காட்டியது லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மோட்லின் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது வைரஸ் அல்ல, காசநோய்க் கிருமி. வைட்டமின் டி குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களின் ரத்தச் சீரத்தில் வளர்த்த அணுக்கள் கேத்தலிசிடினைச் சரியாகச் சுரக்கவில்லை. அந்தச் சீரத்தில் வைட்டமின் டி சேர்த்ததும் சுரந்தன. கருந்தோல் உள்ள நாம் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கொடுத்த நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபெல் பரிசு பெற்றார். காசநோய் மருத்துவமனைகளில் நோயாளிகளை வெயிலில் படுக்க வைத்த காலமும் ஒன்று இருந்தது. அதற்கெல்லாம் ஓர் உடலியல் காரணம் இருந்திருக்கலாம் என்று இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

வைட்டமின் டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கொவிட்டோ கடும் சளிக்காய்ச்சலோ முற்றும்போது நுரையீரலைக் கெடுப்பது பல நேரம் வைரஸ் மட்டும் அல்ல, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் சொந்த அணுக்களின் அளவுமீறிய அழற்சியும்தான். வைட்டமின் டி, எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான 'T' அணுக்களின் (T cells) வேகத்தைத் தணித்து, அழற்சியை அடக்கும் பொருள்களைக் கூட்டுகிறது. கிருமியை அடிக்கவும் தூண்டுகிறது, அடி எல்லை மீறாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் இவையெல்லாம் அணுக்களில் கண்டவை. ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதைக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பொறுத்தவரை, குறைபாட்டைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். முதல் காரணம் எலும்பு. இந்த வயதில் குளியலறையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பின் நடையே போய்விடக்கூடும். தினம் எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தருவார். மதியச் சாப்பாட்டோடு சாப்பிடட்டும், உணவில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நன்றாக உடம்பில் சேரும். சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு மருந்தும் அளவும் வேறு.

பேரன் தட்டில் மிச்சம் வைத்ததைப் பாட்டி சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவனுக்கு மூக்கு ஒழுகும் நாள்களில் மட்டுமாவது அதை நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரையைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

ஈசூன் வாசகர்: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தினமும் காலை ஆறரைக்கு நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கிறேன். எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும்? இவ்வளவு வெயில் உள்ள ஊரில் சளிக்காய்ச்சல்தான் ஏன் வருகிறது?

ஐயா, சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில்தான். ஆறரைக்கு நீங்கள் நடப்பது இருட்டில். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த நடை மிக நல்லது, விடாதீர்கள். வைட்டமின் டிக்கு மட்டும் அது உதவாது.

வைட்டமின் டியை உண்டாக்குவது சூரிய ஒளியில் உள்ள புறஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். நம் பெரியவர்கள் போற்றும் காலை இளவெயிலில் இதமும் வெளிச்சமும் உண்டு, புறஊதா பி கதிர் ஏறக்குறைய இல்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோல் நன்றாக வைட்டமின் டி தயாரிக்கும். தேசிய சுற்றுப்புற வாரியம் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கு மணி புறஊதாக் குறியீட்டை வெளியிடுகிறது, ஒரு நாள் பாருங்கள். எட்டு மணிக்கு ஒன்றைத் தாண்டாத குறியீடு, மேகமில்லாத நாளில் நண்பகலையொட்டிப் பத்துக்கு மேல் போகும். அந்த உச்சி வெயிலில் நிற்கச் சொல்லவில்லை, தோல் கருகும், முதியவர்களுக்கு மயக்கம் வரும். பத்து மணிக்கு மேல் கையும் கெண்டைக்காலும் தெரியக் கொஞ்ச நேரம், வாரத்தில் சில நாள் போதும். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வாங்கும் வெயில் கணக்கில் சேராது. கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது.

நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், வெளுத்த தோலைவிட நமக்கு அதிக நேரம் வேண்டும். 2009இல் தொடங்கிய கஸ்டோ என்ற சிங்கப்பூர்த் தாய்சேய் ஆய்விலும் சீனக் கர்ப்பிணிகளைவிட மலாய், இந்தியக் கர்ப்பிணிகளிடம் வைட்டமின் டி குறைவாக இருந்தது. குளிரூட்டிய எம்ஆர்டி ரயில், குளிரூட்டிய அலுவலகம், கடைத்தொகுதி, பிறகு வீடு என்று நாள் ஓடிவிடுகிறது. எனக்கே அளவு குறைவாகத்தான் வந்தது. நானும் தினம் 1,000 யூனிட் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. குளிர்நாடுகளில் சளிக்காய்ச்சல் குளிர்காலத்தில் வருவதைப் பார்த்த ஹோப் சிம்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், இதற்குச் சூரிய ஒளியோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று 1981இல் எழுதினார். அந்தத் தொடர்பு வைட்டமின் டியாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை, பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை, ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு முறை சளிக்காய்ச்சல் ஏறுகிறது. ஆகவே வெயிலை மட்டும் வைத்து இந்த நோயை விளக்க முடியாது என்பதற்கு நம் ஊரே நல்ல சான்று. கூட்டம், மூடிய அறைகள், மாறிக்கொண்டே வரும் வைரஸ் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

ஜூரோங் வெஸ்ட் வாசகி: கொவிட் வந்து போன பிறகு, எதிர்ப்புச் சக்திக்கு என்று என் தங்கை சென்னையிலிருந்து 60,000 யூனிட் வைட்டமின் டி தூள் பாக்கெட்டுகள் அனுப்பினாள். தினம் ஒன்று பாலில் கலந்து குடிக்கிறேன், சில மாதம் ஆகிறது. இப்போது மலச்சிக்கல், அடங்காத தாகம், குமட்டல், இரவில் பலமுறை சிறுநீர். ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். இது சர்க்கரை நோயா?

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே பதில் சொல்லிவிட்டேன். உடனே நிறுத்துங்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள் என்றேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன், இந்தப் பாக்கெட்டுகள் பல வீட்டுக் குளிர்பெட்டிகளில் இருக்கின்றன.

சகோதரி, அந்தப் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டியது. அதுவும் குறைபாடு உறுதியானவர்களுக்கு, மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும். பெரியவர் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000 யூனிட். நீங்கள் அதைப்போல் 15 மடங்கு தினமும் எடுத்திருக்கிறீர்கள். வைட்டமின் சி கூடினால் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தை இழுத்து ரத்தத்தில் கொட்டும். உங்கள் தாகமும் மலச்சிக்கலும் அடிக்கடி வரும் சிறுநீரும் ரத்தத்தில் கால்சியம் கூடியதன் அறிகுறிகளாக இருக்கலாம். சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கட்டும், ஆனால் கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, வைட்டமின் டி அளவு மூன்றையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும், இதயத் துடிப்பு தடுமாறும். நிறுத்திய பிறகும் பல வாரங்கள் இதன் பாதிப்பு நீடிக்கக்கூடும் என்பதால், "நிறுத்திவிட்டேனே" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை. அது ஹைட்ரோகுளோரோதயசைடு வகை என்றால் நிலைமை இன்னும் கூடும், ஏனென்றால் அந்த மருந்து கால்சியத்தைச் சிறுநீரில் போக விடாமல் பிடித்து வைக்கும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுவோருக்கும் ரத்தத்தில் கால்சியம் கூடுவது ஆபத்து.

பலதுறை மருந்தகத்தின் மருந்து முகப்பில் பல ஆண்டுகள் நின்றவள் நான். பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் மல்டிவைட்டமின், மீன் ஈரல் எண்ணெய், கால்சியம் மாத்திரை என்று வந்து விழும். ஒவ்வொன்றிலும் வைட்டமின் டி இருக்கக்கூடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர் வீட்டில் யாரும் இருக்கமாட்டார். உங்கள் பையையும் அப்படியே மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். தங்கை அன்போடு அனுப்பியது என்பது எனக்குத் தெரியும். மீதியைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க மட்டும் வேண்டாம்.

பெரிய அளவு பெரிய பலன் தரும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரே முறை 5,00,000 யூனிட் கொடுத்தார்கள், விழக்கூடாது, எலும்பு முறியக்கூடாது என்பதற்காக. வைட்டமின் பெற்றவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகம் எலும்பு முறிந்தது.

துவாஸ் வாசகர்: இரவு வேலை செய்கிறேன். பகலில் தங்குவிடுதியில் தூங்குகிறேன். சாப்பாடு கேட்டரிங். மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. எந்த எதிர்ப்புச் சக்தி மாத்திரை வாங்கலாம்?

தம்பி, வெயிலே படாத உங்களுக்கு வைட்டமின் டி குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மருந்தகத்தில் வெறும் வைட்டமின் டி 1,000 யூனிட் என்று கேளுங்கள், விலை குறைந்ததே போதும். எதிர்ப்புச் சக்தி என்று டப்பாவில் பெரிதாக அச்சடித்து நாலைந்து சத்தைக் கலந்து விற்பதற்குச் சம்பளத்தைச் செலவழிக்காதீர்கள். டின் மத்தி மீனில் வைட்டமின் டி நன்றாகவே உண்டு. தக்காளிச் சாறோடு வரும் அந்த டின்னை வெங்காயம், மிளகாய் போட்டுக் கிண்டினால் கேட்டரிங் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. முட்டையின் மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. ஓய்வு நாளில் பதினொரு மணி வாக்கில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்சம் வெளியே நடங்கள்.

ஆனால் சளிக்கு முழுக் காரணமும் வைட்டமின் என்று நினைக்க வேண்டாம். 2020இல் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட் பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் பலர் கட்டுமானத் தளங்களில் நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள். அங்கே நோயைப் பரப்பியது நெருக்கமும் காற்றோட்டக் குறைவும். அறையில் மின்விசிறியோடு சன்னலையும் திறந்து வையுங்கள். இருமுகிறவர் முகக்கவசம் போடட்டும். பகல் தூக்கத்தைத் துண்டு துண்டாக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ எடை குறைந்தாலோ காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதை மறைக்கக் கூடாது.

பிடோக் வாசகி: டெங்கிக் காய்ச்சலுக்கும் வைட்டமின் டி கொடுக்கலாமா?

வேண்டாம். டெங்கிக்குத் தண்ணீரும், பாரசிட்டமாலும், மருத்துவர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனையும்தான். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிராங்கூன் வாசகி: நாங்கள் சைவம். மீன், மீன் எண்ணெய் எதுவும் தொடமாட்டோம். காளான் போதுமா?

கடையில் வாங்கும் காளானை நறுக்கி, உட்பக்கம் மேலே இருக்கும்படி தாழ்வாரத்தில் நண்பகல் வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டி2 உண்டாகும். ஆனால் எவ்வளவு உண்டாயிற்று என்று வீட்டில் அளக்க முடியாது. சத்துச் சேர்த்த பால், சோயாப் பால் டப்பாவில் அளவு போட்டிருக்கும், பாருங்கள். மாத்திரை என்றால், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வளரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பதும் உண்டு, அது உங்களுக்குச் சம்மதமா என்பது உங்கள் விருப்பம்.

சுவா சூ காங் வாசகி: "வைட்டமின் டி கொவிட்டைத் தடுக்கும் என்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையே நிரூபித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் படித்துவிட்டு 68 வயது அப்பா, மாத்திரை இருக்கிறதே, தடுப்பூசி எதற்கு என்கிறார். அவருக்கு நீரிழிவும் உண்டு.

அந்த ஆய்வு உண்மைதான். 2020இல் அந்த மருத்துவமனை மருத்துவர்கள் 50 வயதுக்கு மேற்பட்ட 43 கொவிட் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வைட்டமின் டி 1,000 யூனிட், மக்னீசியம், வைட்டமின் பி12 மூன்றும் பெற்ற 17 பேரில் மூவருக்கும், பெறாத 26 பேரில் 16 பேருக்கும் பிராணவாயு தேவைப்பட்டது. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கு மருந்து என்று அவர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, முன்பு வந்தவர்களையும் பின்பு வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். எண்ணிக்கையும் குறைவு, கொடுத்ததும் மூன்று பொருள். பெரிய சோதனை தேவை என்று சொல்லத்தான் அது போதும். வாட்ஸ்அப் அதை நிரூபணம் ஆக்கிவிட்டது.

பெரிய சோதனைகள் பிறகு நடந்தன. பிரேசிலில் மருத்துவமனையில் இருந்த 240 கொவிட் நோயாளிகளுக்கு ஒரே தடவையில் 2,00,000 யூனிட்டோ வெறும் திரவமோ கொடுத்தார்கள், வீடு திரும்ப எடுத்த நாள்களில் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 6,200 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், வைட்டமின் டி அளவு குறைவாக இருந்தவர்களுக்குத் தினம் 800 அல்லது 3,200 யூனிட் கொடுத்தும் கொவிட்டோ மற்றச் சளித்தொற்றோ குறையவில்லை. நார்வேயில் 34,000க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமின் டி உள்ள மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தும் அதே முடிவு.

கொவிட்டை விட்டு எல்லாச் சளித்தொற்றையும் எடுத்துக்கொண்டால் கதை கொஞ்சம் வேறு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் மார்ட்டினோ குழுவினர் 25 சோதனைகளைச் சேர்த்து 2017இல் வெளியிட்டதில் சிறு பாதுகாப்பு தெரிந்தது. கடுமையான குறைபாடு உள்ளவர்கள் தினமோ வாரமோ சிறு அளவாக எடுத்தபோது நல்ல பாதுகாப்பே தெரிந்தது. ஒரேயடியாகப் பெரிய அளவு எடுத்தவர்களுக்குப் பலன் இல்லை. புதிய சோதனைகள் சேரச் சேர அந்தப் பலன் சுருங்கியது. 64,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2025இல் பார்த்தபோது, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. என் கருத்தைக் கேட்டால், குறைபாடு உள்ளவருக்குச் சிறு மாத்திரை தினமும் வேண்டும், சரியான அளவில் உள்ளவருக்கு மேலே ஏற்றுவதால் வைரஸுக்கு எதிராகப் பலன் எதுவும் கூடப்போவதில்லை.

அப்பாவிடம் மாத்திரையைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள், பிடிவாதம்தான் வளரும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது எலும்புக்கு, ஊசி வைரஸுக்கு என்று சொல்லுங்கள். நோய் வருவதற்கு முன்பே குறிப்பிட்ட வைரஸை அடையாளம் காண அணுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது தடுப்பூசிதான், அந்த வேலையை எந்த வைட்டமினும் செய்யாது. 65 வயது கடந்தவர், அதிலும் நீரிழிவு உள்ளவர் என்பதால் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி அவருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் போட்டாயிற்றா என்று பாருங்கள். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்த குடிமக்களுக்குத் தேசிய அளவில் பரிந்துரைக்கப்படும் இந்த ஊசிகள் அவர்கள் பதிந்த மருந்தகத்தில் இலவசம். அடுத்த முறை அவர் நீரிழிவுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், மருத்துவர் முன்னால் இந்த வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக் காட்டி அவரையே கேட்க வையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது அப்பாவிடம் எடுபடும்.